காற்றைக் குடிக்கும் எண்ணெய்

தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் காயாது என்பதுதான் நான் கற்ற முதல் விஞ்ஞானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா என் உச்சந்தலையில் ஊற்றித் தேய்த்துவிடும் எண்ணெய், திங்கட்கிழமை மத்தியானம் நான் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கும்போது கணக்கு நோட்டில் வட்டமாக ஊறியிருக்கும். அந்தமானில், ஹேடோவில் எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரில், நான் முதுகைச் சாய்த்து உட்காரும் இடத்தில், என் தலையளவுக்கு ஒரு கறை இருந்தது. இரண்டு முறை வெள்ளையடித்தும் அது மேலே எழுந்து வந்துவிட்டது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சர்க்கார் சுவரை என் தலை பாழாக்குகிறதே என்று அவருக்கு நிரந்தரமாக ஒரு வருத்தம் இருந்தது.

அடுக்களையில் ரேஷன் பாமாயில் இருந்தது. அதற்கென்று ஒரு குணமும் கிடையாது, யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக்காரி மாதிரி நடந்துகொள்ளும். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா கடுகெண்ணெயைச் சுட வைத்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். நல்லெண்ணெய் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். கப்பல் தாமதமானால் இட்லிப் பொடியைப் பாமாயிலில் குழைத்துத் தின்போம். அன்றைக்கெல்லாம் அப்பா இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார்.

இந்தக் கூட்டத்தில் சேராத ஓர் எண்ணெயும் எங்கள் வீட்டில் உண்டு. அது மாமாவுடையது. மாமா அம்மாவின் தம்பி. ஜங்லிகாட் என்கிற இடத்தில் ஒரு மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் வேலை செய்துகொண்டு எங்களோடுதான் இருந்தார். சாயங்காலம் அவர் வாசலுக்கு வருமுன்பே வாசனை வந்துவிடும். பச்சைப் புல்லையும் பழைய புத்தகத்தையும் சேர்த்துக் கசக்கின மாதிரி ஒரு வாசனை. ஆளி விதை எண்ணெய் என்று அதற்குத் தமிழில் பெயர் இருப்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். பட்டறையில் எல்லோருக்கும் அது அல்சி தேல்.

அந்த எண்ணெயின் விசேஷம், அது காயும். மரத்தில் தேனைப் போலப் பூசினால் இரண்டு நாளில் ஒட்டாமல் வழுக்காமல் மரத்தின் தோலாகவே ஆகிவிடும். டப்பாவின் விளிம்பில் வழிந்தது சுருங்கி ஆடையாகப் படிந்திருக்கும். பாலாடையை எடுப்பது போல நான் அதை நகத்தால் உரித்து எடுப்பேன். தலையில் தேய்க்கிற எண்ணெய் ஏன் இப்படி ஆவதில்லை என்று ஒருநாள் மாமாவிடம் கேட்டேன். ஆகியிருந்தால் என் தலை என்ன கதியாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"இது காத்தக் குடிக்கிற எண்ணெய், மருமவளே. குடிச்சுக் குடிச்சுத்தான் இறுகுது. ஒங்க தேங்கா எண்ணெய்க்கு அந்தத் தாகம் கெடையாது" என்றார் மாமா.

மாமா எதைச் சொன்னாலும் பாதி கிண்டலாகத்தான் இருக்கும். ஆனால் இதை நான் முழுசாக நம்பினேன். மழை நாட்களில், வீட்டில் எல்லோரும் தூங்கும் மத்தியானங்களில், புதிதாகப் பாலிஷ் போட்ட ஸ்டூலின் மேல் காதை வைத்துக்கொண்டு அது குடிக்கிற சத்தம் கேட்கிறதா என்று படுத்திருப்பேன். தகரக் கூரையில் மழை பெய்துகொண்டே இருக்கும். துறைமுகத்தில் ஏதாவது ஒரு கப்பல் ஊதும். இரண்டுக்கும் நடுவில் ரொம்ப மெல்லிசாக ஏதோ உறிஞ்சுகிற சத்தம் கேட்டதாகத்தான் இன்றைக்கும் எனக்கு ஞாபகம். கேட்டிருக்க வழியில்லை என்பதும் தெரியும்.

அந்த வருஷம் சித்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. சித்தி அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கை. அவர்களுக்கு அப்பா அம்மா இல்லை. மாப்பிள்ளை வீடு மெயின்லேண்டில், சாத்தூர்ப் பக்கம். இங்கிருந்து பெண் கொடுத்தால் படாக் மரத்தில் கட்டில் செய்து கப்பலில் ஏற்றி அனுப்புவது எங்கள் ஊர் வழக்கம். படாக் இந்தத் தீவுகளின் மரம். செக்கச் சிவந்திருக்கும், கறையான் அரிக்காது, நாலு பேர் தூக்கினாலும் மூச்சு வாங்கும். காட்டிலாகாவில் பாஸ் வாங்கி, மரச்சட்டத்துக்குள் வைத்து ஆணி அடித்து, பெண்ணோடு கூடவே கட்டிலும் கடல் கடக்கும். கட்டில் வராத பெண்ணை அந்தமான் பெண் என்று அங்கே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று அம்மா சொல்வாள்.

கட்டிலுக்கு மாமாவே பாலிஷ் போட்டார். அப்பா ஸ்தானத்தில் நின்று தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கப் போவதும் அவர்தான். அதற்கென்று எடுத்த பட்டு வேட்டியை அம்மா பெட்டிக்குள் வைத்திருந்தாள். அதை அவர் வாரத்துக்கு இரண்டு தடவையாவது எடுத்துப் பார்த்து, மடிப்பு மாறாமல் திரும்ப வைப்பார். ஒரே ஒரு விஷயத்தில்தான் சித்தி அவரிடம் கண்டிப்பாக இருந்தாள். மாமாவுக்குப் பீடிப் பழக்கம். இருமி இருமி அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு நாள், சித்தி அவர் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். இனிமேல் தொடமாட்டேன் என்று மாமா அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். இரண்டு மாதம் அதைக் காப்பாற்றினார். அந்த இரண்டு மாதமும் எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பு இருந்தது. பேசும்போது அதைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொள்வார்.

கப்பல் புறப்படும் நாள் காலையில், பல நாள் மழைக்குப் பிறகு, சுள்ளென்று வெயில் அடித்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் மாமா கட்டிலை மறுபடி ஒருமுறை எண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தார். மினுங்கின தலைமாட்டில் என் முகம் சிவப்பாகத் தெரிந்தது. துடைக்கிறதற்குச் சித்தியின் பழைய நூல் சேலைகள் இரண்டைக் கிழித்திருந்தார்கள். பட்டறையில் இந்த மாதிரி எண்ணெய்த் துணிகளை ஒரு கம்பியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டிருப்பார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அது அந்தப் பட்டறை வழக்கம். எங்கள் கொட்டகையில் கம்பி இல்லை. அவ்வளவு துணியையும் எறிய மனசில்லாமல், மரம் இழைத்த சுருளோடு கலந்து ஒரு சாக்கில் இறுகத் திணித்து, கட்டிலின் தலைமாட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் முட்டுக்கொடுத்தார் மாமா. கப்பல் ஆடினாலும் கட்டிலில் ஒரு கீறல் விழாதல்லவா! அப்பாவே வந்து பார்த்துவிட்டு, நல்ல யோசனை என்றார்.

லாரி வர வேண்டிய நேரத்தில் போன் வந்தது. கடல் சரியில்லை, கப்பல் நாளைக்குத்தான் கிளம்பும் என்றார்கள். கட்டியிருந்த மூட்டைகளெல்லாம் கூடத்தில் அசட்டுத்தனமாக உட்கார்ந்திருந்தன. எல்லோருக்கும் திடீரென்று செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

நான் கொட்டகைக்குப் போனேன். உச்சி வெயில். மரச்சட்டத்தின் இடுக்கு வழியாகக் கையை விட்டுச் சாக்கைத் தொட்டேன். அது கதகதப்பாக இருந்தது. வெயில் படாத இடம், கூரையைத் தவிர எதுவும் சுடவில்லை, சாக்கு மட்டும் சுட்டது. இன்னும் உள்ளே கையை நுழைத்தேன். உள்ளே இன்னும் சூடு. வங்காளி அம்மாவின் கோழி அந்த மாதம்தான் அடைகாத்து எட்டுக் குஞ்சு பொரித்திருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் கை விட்டுக் கொத்து வாங்கினவள் நான். இது அதே சூடு. எண்ணெய் காற்றைக் குடிக்கிறது, குடித்துக்கொண்டே இருக்கிறது, பால் குடிக்கிற குழந்தையின் உடம்பு போலச் சூடாகிறது என்று எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. பயமே இல்லை. அந்தச் சாக்குக்குள் யாரோ உயிரோடு இருப்பதாகவும், அது என் ஒருத்திக்கு மட்டும் தெரியும் என்றும் நினைத்து அப்படியொரு சந்தோஷம்.

அடுக்களைக்குப் போய், கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துப் பாவாடையில் ஒளித்துக்கொண்டு வந்து, சாக்கின் வாயைத் தளர்த்தித் துணிகளுக்கு நடுவில் வைத்தேன். மெயின்லேண்டிலிருந்து அட்டையில் அடுக்கிக் கப்பலில் வந்த முட்டை அது. பிரளயம் வரைக்கும் அடைகாத்தாலும் அதிலிருந்து ஒன்றும் வராது என்பதை எனக்குச் சொல்ல யாரும் இல்லை. கப்பல் தாமதமாகும் நாட்களில் அம்மா முட்டைகளை எண்ணி வைப்பாள் என்பது மட்டும் தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை போய்த் தொட்டுப் பார்த்தேன். கையை எடுத்துக்கொள்ளும்படி சுட்டது. குஞ்சுக்குக் குளிரக் கூடாதென்று மூலையில் கிடந்த இன்னொரு சாக்கையும் எடுத்து மேலே போர்த்திவிட்டு, பாயில் போய்ப் படுத்து, கோழிக்குஞ்சோடு கப்பலில் போவதாகக் கனவு கண்டேன்.

"ஆக்! ஆக் லக் கயா!" என்று, தீப்பிடித்ததைப் பார்த்து வங்காளி அம்மா இந்தியில் கத்தின சத்தத்தில்தான் எழுந்தேன்.

கொட்டகைக்குள்ளிருந்து மஞ்சளும் கறுப்புமாகப் புகை வந்துகொண்டிருந்தது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்களிலிருந்து குவார்ட்டர்ஸ் ஜனம் முழுவதும் வாளி வாளியாக மொண்டு கொட்டினார்கள். மாமா எரிகிற சட்டத்தை வெறுங்கையால் பிடித்து இழுத்துப் பிளந்தார். நெருப்பு அணைந்தபோது கட்டிலின் தலைமாடு கரியாகி இருந்தது. கால்களும் ஒரு பக்கச் சட்டமும் மட்டும் அதே சிவப்பில் மினுங்கிக்கொண்டிருந்தன. முட்டை என்ன ஆயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும் கரித்துண்டுகளைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, முட்டை ஓடு கண்ணில் படாததால் நிம்மதியடைந்தேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் என் மேலேயே ஆத்திரம் வரும்.

அடுக்களை வாசலில் மாமாவை உட்கார வைத்து, கொப்பளித்த உள்ளங்கைகளில் அம்மா தேங்காய் எண்ணெயைத் தடவினாள். தடவிக்கொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். அப்பா நின்றுகொண்டிருந்தார். கதவோரம் சித்தி.

"மாப்ள, பீடி குடிச்சியா இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றார் அப்பா.

மாமா கன்னத்தில் இருந்த கிராம்பைத் துப்பினார். பிறகு, "குடிச்சேன் அத்தான். கப்பல் கெளம்பலன்னதும் மனசே சரியில்ல. சாப்பாட்டுக்குப் பொறவு ஒண்ணே ஒண்ணு. செவுத்துக்கு அந்தாண்ட நின்னுதான் குடிச்சேன். அணைச்சிட்டுத்தான் போட்டேன்" என்றார்.

"நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு. அணைச்சியா?"

மாமா தன் கைகளையே பார்த்தார். "தெரியல அத்தான்."

அதோடு முடிந்தது. அப்பா கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்குக் கப்பல் தெரியும். இந்தக் கட்டில் நேரத்துக்கு ஏறியிருந்தால் இந்நேரம் நடுக்கடலில், கப்பல் நிறைய ஜனத்தோடு, என்று ஆரம்பித்து மேலே சொல்ல முடியாமல் நிறுத்திக்கொண்டார். சித்தி கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் தலையில் அடித்துச் செய்த சத்தியம் உடைந்த அன்றைக்கே தன் கல்யாணக் கட்டில் எரிந்திருக்கிறது. அதற்கு மேல் அவரைப் பார்க்க என்ன இருக்கிறது? அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது, அபசகுனமாக எதுவும் நடக்கவேண்டாம், தம்பி இங்கேயே வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும், தாரை வார்க்க உங்கள் அத்தான் இருக்கிறார்.

மறுநாள் கப்பலில் பட்டு வேட்டி எங்களோடு வந்தது. சாத்தூரில் அதை அப்பா கட்டிக்கொண்டார். அவருக்கு அது கணுக்காலுக்கு மேலே நின்றது. ஹேடோ ஜெட்டியில் மாமா துணி சுற்றின இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினது மேல்தளத்திலிருந்து தெரிந்தது. நான் பதிலுக்கு ஆட்டினேன். சித்தி உள்ளே, கீழ்த்தளத்துப் பங்க் படுக்கையில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

மாமா அதற்குப் பிறகு பாலிஷ் வேலைக்குப் போகவில்லை. ஆட்டோ வாங்கி அபர்டீன் பஜாரில் ஓட்ட ஆரம்பித்தார். பீடியைத் தொடவே இல்லை. சித்திக்கு முதல் இரண்டு கர்ப்பமும் தங்கவில்லை. அந்தச் செய்தி வந்த இரண்டு தடவையும் மாமா முருகன் கோயிலுக்கு மண்சோறு சாப்பிடப் போனார். பிறகு சித்திக்கு இரண்டு பையன்கள் பிறந்து நன்றாகத்தான் இருக்கிறார்கள். சித்தி அவரோடு பேசாமல் இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வாள். என்ன சமையல், மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

போன வருஷம் நான் இங்கேயே ஒரு சின்ன வீடு கட்டினேன். வாசல் கதவு படாக்கில். நானே பாலிஷ் போடுவதென்று கடையில் ஆளி எண்ணெய் டப்பா ஒன்று வாங்கினேன். ஒரு பக்கக் கதவைத் துடைத்து முடித்து, துணிகளைப் பந்தாகச் சுருட்டிப் பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து துணியை எடுக்கக் கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டேன். அது கதகதப்பாக இருந்தது. என் கைக்கு அந்தச் சூடு தெரிந்திருந்தது. எங்கே என்பது எனக்கு ஞாபகம் வருவதற்கு முன்னால் கைக்கு ஞாபகம் வந்துவிட்டது.

எண்ணெய் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. எண்ணெய் நனைந்த துணிகளைக் குவித்து வைக்காதே, விரித்துக் காயப்போடு, அல்லது தண்ணீரில் முக்கி வை, இல்லையென்றால் தானாகவே தீப்பற்றும். பிறகு தேடிப் படித்தேன். மாமா சொன்னதில் கிண்டலே இல்லை. ஆளி எண்ணெயின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய இருக்கின்றன. காற்றின் ஆக்சிஜன் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எண்ணெய் தோலாகிறது. அந்த வேலை நடக்கும்போது சூடு பிறக்கிறது. விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். திணித்த சாக்கில் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும், நூல் பற்றுகிற வரைக்கும். தேங்காய் எண்ணெயில் அந்தப் பிணைப்புகள் இல்லாத குறைதான். அதனால்தான் அது கடைசிவரை எண்ணெயாகவே என் தலையில் இருந்தது.

துணிப்பந்தோடு டப்பாவை அப்படியே ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு பஜாருக்குப் போனேன். அந்த எச்சரிக்கையைப் படித்தவள் செய்கிற காரியமா அது! ஆட்டோ வரிசையில் மாமா மூன்றாவதாக நின்றிருந்தார். அவர் கையைப் பிடித்து டப்பாவுக்குள் விட்டேன். தழும்பேறின கைக்குச் சூடு உறைக்கச் சற்று நேரமாயிற்று. பிறகு நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். உச்சி வெயிலில் சாக்கைத் தொட்டதை, அவர் சாப்பிட்டுப் பீடி பிடிக்கப் போவதற்கு வெகுநேரம் முன்னாலேயே அது சூடாக இருந்ததை, முட்டையை, மேலே நான் போர்த்தின சாக்கை.

மாமா என்னைத் திட்டவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அந்த உச்சி வெயில் சமாசாரத்தை மட்டும் மூன்றாவது தடவையும் கேட்டார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் காதில் விழவில்லை.

"அப்ப அது பீடி இல்லையா?" என்றார்.

"இல்ல மாமா."

ஆட்டோவை ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு, போனை எடுத்துச் சித்தியைக் கூப்பிட்டார். பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை. யாருக்கு என்ன ஆச்சோ என்று சித்தி பதறியிருக்க வேண்டும். "ஒண்ணுமில்லம்மா, எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று இரண்டு தரம் சொன்னார். அப்புறம், "தங்கச்சி, அது என் பீடி இல்லையாம்" என்றார். போனை என்னிடம் நீட்டிவிட்டு, அறுபது வயது மனிதர், நடு பஜாரில், தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒன்றை அன்று அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை. அணைச்சிட்டுத்தான் போட்டேன் என்று சொன்னதற்கும், தெரியல அத்தான் என்று சொன்னதற்கும் நடுவில், மாமா ஒருமுறை தலையைத் தூக்கி எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். அப்பாவை, அம்மாவை, கதவோரத்தில் சித்தியை, கடைசியாக என்னை. முட்டை எடுத்ததைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வீட்டில் ஒரே ஒருத்தராவது தன்னை நம்புகிறார்களா என்றுதான் அவர் தேடினார் என்பது எனக்கு அப்போது தெரியாது.